பழைய பிரியஸ் இன்வெர்ட்டரை மின்வாகனத்தில் பொருத்தும் முன்

பெட்ரோல் காரை மின்வாகனமாக மாற்றுபவர்கள் இன்று விரும்பித் தேடும் பொருள்களில் ஒன்று, உடைப்புக்கு வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் ஹைபிரிட் காரின் இன்வெர்ட்டர், அதாவது பேட்டரியின் நேர்மின்சாரத்தை மோட்டாருக்கு வேண்டிய மாறுமின்சாரமாக்கும் பகுதி. இரண்டு மோட்டார்களுக்கான இன்வெர்ட்டர்கள், 201.6 வோல்ட்டை 650 வோல்ட் வரை உயர்த்தும் பூஸ்ட் கன்வெர்ட்டர், 12 வோல்ட் பேட்டரிக்கான டிசி-டிசி கன்வெர்ட்டர் ஆகியவை ஒரே அலுமினியப் பெட்டிக்குள் குறைந்த விலையில் கிடைப்பதால் அந்த விருப்பம் நியாயமானதே. டொயோட்டாவின் கட்டுப்பாட்டுப் பலகைக்கு மாற்றாக ஓப்பன்இன்வெர்ட்டர் போன்ற திறந்த மூலத் திட்டங்கள் தரும் பலகையைப் பொருத்தினால் வேறு மோட்டார்களையும் இதைக்கொண்டு இயக்கலாம்.

ஆனால் பேட்டரியை இணைத்துத் துண்டிக்கும் முதன்மை ரிலேக்கள் (காண்டாக்டர்கள்), தொடக்க மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர், ஃபியூஸ், பழுதுபார்க்கும் முன் கையால் கழற்றிப் பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக் ஆகியவை அந்தப் பெட்டியில் இல்லை. அவை பேட்டரியோடு பழைய காரிலேயே தங்கிவிடுகின்றன. பிரியஸில் ஒழுங்காக ஓடிய பொருள்தானே என்று நேராகப் பேட்டரியில் இணைப்பவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

அண்மையில் சோதனைக்கு வந்த ஒரு வாகனத்தில் சாவியை அணைத்த பின்னும் இன்வெர்ட்டர் முனைகளில் முழு மின்னழுத்தம் நின்றது. காண்டாக்டரைத் திறந்து பார்த்தால் செப்பு முனைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. காரணம் இதுதான்: இன்வெர்ட்டருக்குள் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் 888 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வெறுமையாக இருக்கும்போது 360 வோல்ட்டை நேராகக் கொடுத்தால், அந்தக் கணத்தில் அது கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட்டாகவே நடந்துகொள்ளும். நடுவில் 100 ஓம் ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர் இருந்தால் தொடக்க மின்னோட்டம் 3.6 ஆம்பியருக்குள் அடங்கி, அரை நொடிக்குள் கெப்பாசிட்டர் நிரம்பிவிடும். நிரம்பும் ஒவ்வொரு முறையும் சுமார் 58 ஜூல் வெப்பம் அந்த ரெசிஸ்டரில் இறங்குவதால், அதைத் தாங்கும் கம்பிச்சுற்று ரெசிஸ்டரையே போட வேண்டும். நேரத்தை மட்டும் நம்புவதும் போதாது. டிசி-டிசி கன்வெர்ட்டர் இடையில் மின்சாரம் இழுத்தால் மின்னழுத்தம் பாதியிலேயே நின்றுவிடும் என்பதால், கெப்பாசிட்டரின் மின்னழுத்தம் பேட்டரியின் அளவை ஏறத்தாழ எட்டியதை அளந்து உறுதிசெய்த பிறகே முதன்மைக் காண்டாக்டர் மூட வேண்டும்.

பூஸ்ட் கன்வெர்ட்டரின் பேட்டரிப் பக்கமும் டிசி-டிசி கன்வெர்ட்டரும் 201.6 வோல்ட் பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டவை. 350 வோல்ட் பேட்டரி வைப்பவர்கள் பூஸ்ட் பகுதியைத் தவிர்த்து உயர் மின்னழுத்தப் பக்கத்தில் நேராக இணைத்து, 12 வோல்ட்டுக்குத் தனிக் கன்வெர்ட்டர் வைப்பதே சரி. பூஸ்ட் பகுதியைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: 2014 பிப்ரவரியில் டொயோட்டா சுமார் 19 லட்சம் பிரியஸ் கார்களைத் திரும்ப அழைத்தது, இந்தப் பகுதியின் டிரான்சிஸ்டர்கள் அதிகச் சுமையில் சூடாகிப் பழுதாகக்கூடும் என்பதால்தான். டொயோட்டா அதற்குத் தந்த தீர்வு மென்பொருள் திருத்தம். பலகையை மாற்றியவரிடம் அந்த மென்பொருளே கிடையாது.

எனக்கு மிகுந்த அச்சம் தருவது, இதே பூஸ்ட் பகுதியைச் சார்ஜராக்கும் பழக்கம். வீட்டு 230 வோல்ட்டை டயோடுகளால் நேர்மின்னாக்கினால் உச்சம் 325 வோல்ட் வரும். அதைக் குறைத்துப் பேட்டரிக்குச் செலுத்தும் இந்தச் சுற்றில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. ஆகவே பேட்டரி முழுவதும் வீட்டு மின்கம்பியோடு நேரடித் தொடர்பில் இருக்கும். எங்கேனும் காப்பு பழுதாகி, எர்த் இணைப்பும் சரியில்லாமல் போனால், ஈரத்தரையில் நின்று கதவைத் தொடும் குழந்தைக்கு உயிராபத்து. இந்த முறை யாருக்கும் வேண்டாம். வீட்டு மின்கம்பியோடு பேட்டரிக்கு நேரடித் தொடர்பில்லாதபடி டிரான்ஸ்ஃபார்மரால் பிரித்துவைக்கும் தனிச் சார்ஜரை வாங்குங்கள்.

சர்வீஸ் பிளக்கைக் கழற்றியபின் கெப்பாசிட்டர் வடியப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்ற டொயோட்டாவின் விதி, மாற்றம் செய்யாத காருக்கானது. மாற்றியமைத்த வாகனத்தில் 1000 வோல்ட் தாங்கும் கையுறை அணிந்து, மீட்டரை முதலில் தெரிந்த மின்மூலத்தில் சோதித்து, பிறகு இன்வெர்ட்டர் முனைகளை அளந்து, மீண்டும் அதே மின்மூலத்தில் சோதித்த பிறகே கம்பியில் கைவைக்க வேண்டும்.