உங்களுக்கு ஆங்கிலம் வந்துவிட்டது, நீங்கள்தான் இன்னும் கவனிக்கவில்லை

பெரியவர்களுக்கு ஆங்கிலம் பயிற்றுவிப்பது என் தொழில். புதிதாகச் சேர வருபவர்களிடம் எடுத்த எடுப்பில் பாடம் நடத்த மாட்டேன். அவர்களுடைய வேலையைப் பற்றி ஆங்கிலத்திலேயே பேச்சுக் கொடுப்பேன். சிலர் மேலாளரோடு நடந்த தகராறு, கைநழுவிப் போன பதவி உயர்வு, கூட்டங்களில் தாங்கள் வாய் திறக்காததற்கான காரணம் என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கோவையாகச் சொல்லி முடிப்பார்கள். கடைசியில், "எனக்கு இங்கிலீஷ் சரளமா வராது, அடிப்படையிலேருந்து சொல்லிக்கொடுங்க" என்பார்கள்.

இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. வந்துவிட்ட மொழியை வரவில்லை என்று நம்புகிறவர், தகுதியிருந்தும் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார். தெரிந்த பதிலைக் கூட்டத்தில் சொல்லாமல் விழுங்குகிறார். தொடக்கநிலை வகுப்புக்கே திரும்பத் திரும்பப் பணம் கட்டுகிறார்.

ஏன் தெரிவதில்லை? பேச்சு உருவாகும் விதத்தை மொழி உளவியலாளர் வில்லெம் லெவெல்ட் 1989இல் மூன்று கட்டங்களாக விளக்கினார். சொல்ல வேண்டியதை மனதில் திரட்டுவது ஒன்று, அதற்குச் சொல்லும் இலக்கணமும் கொடுத்து வாக்கியமாக்குவது இன்னொன்று, வாயால் ஒலிப்பது மூன்றாவது. தாய்மொழியில் நொடிக்கு இரண்டு மூன்று சொற்கள் என்ற வேகத்தில் பின்னிரண்டும் தாமாகவே நடந்துவிடும். நம் கவனமெல்லாம் சொல்லவரும் விஷயத்தில்தான் இருக்கும். புதிய மொழியில் அப்படியில்லை. வினைச்சொல் எங்கே வரும், இறந்தகாலத்துக்கு எந்த வடிவம் என்று நடுக்கட்டமே முழுக் கவனத்தையும் பிடித்துக்கொள்ளும். பழகப் பழக அந்த உழைப்பு குறைந்து, ஒரு கட்டத்தில் இல்லாமலே போகிறது. தலைவலி வந்தால் உடனே தெரியும், அது எந்த நிமிடத்தில் விட்டது என்று யாரும் குறித்து வைப்பதில்லை. மொழியிலும் அதே கதைதான். சரளம் வந்த நாளை யாராலும் சொல்ல முடியாது. பின்னாளில் ஏதோ ஒரு சம்பவத்தில்தான் அது பிடிபடும்.

பலரிடம் நான் கேட்டறிந்த சம்பவங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. முந்தின நாள் கேட்ட ஒரு செய்தியை நண்பரிடம் விவரிக்கிறார்கள். "எங்க கேட்டே?" என்று நண்பர் கேட்கும்போது, அதைத் தமிழில் கேட்டோமா ஆங்கிலத்தில் கேட்டோமா என்பதே நினைவில்லை. கேட்ட வாக்கியம் அப்படியே நினைவில் தங்காது, பொருள்தான் தங்கும் என்பது மனித நினைவின் பொது இயல்பு. மொழியின் அடையாளம்கூட உதிர்ந்து பொருள் மட்டும் நின்றால், கேட்கும்போது மொழி உங்களுக்குக் குறுக்கே நிற்கவில்லை என்று அர்த்தம். இன்னொரு சம்பவம் கோபம். தவறான கட்டணத்துக்காக வாடிக்கையாளர் சேவை எண்ணில் சண்டை போட்டு, எதிர்த்தரப்பின் பேச்சை இடைமறித்து, காரியத்தையும் முடித்துவிட்டுப் போனை வைத்த பிறகுதான், அத்தனையும் ஆங்கிலத்தில் நடந்தது உறைக்கிறது. சொற்களைத் தேடிக்கொண்டிருப்பவரால் இடைமறித்துப் பேச முடியாது.

ஆங்கிலத்தில் கனவு வந்தால்தான் சரளம், மனக்கணக்கு ஆங்கிலத்தில் ஓடினால்தான் சரளம் என்றெல்லாம் சொல்வார்கள். இவற்றை நான் அளவுகோலாகக் கொள்வதில்லை. கூட்டல் பெருக்கலை எந்த மொழியில் படித்தார்களோ அதிலேயே வாழ்நாள் முழுக்கக் கணக்குப் போடும் நல்ல ஆங்கிலப் பேச்சாளர்கள் ஏராளம்.

நான் பார்ப்பது இடைநிறுத்தத்தை. எல்லோரும் நிறுத்தித்தான் பேசுகிறோம், தாய்மொழியிலும் அப்படித்தான். சரளமாகப் பேசுபவரின் நிறுத்தம் பெரும்பாலும் ஒரு கருத்து முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் விழும், அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசிக்கிறார். தடுமாறுபவரின் நிறுத்தம் வாக்கியத்தின் நடுவில், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் விழும், எப்படிச் சொல்வது என்று தேடுகிறார். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். உங்கள் வேலையில் சமீபத்தில் வந்த ஒரு சிக்கலைப் பற்றி முன்தயாரிப்பு இல்லாமல் இரண்டு நிமிடம் பேசி, அலைபேசியில் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காதீர்கள், மறுநாள் கேளுங்கள். தவறுகளை எண்ணாமல், எங்கே நிற்கிறீர்கள் என்று மட்டும் கவனியுங்கள். ஒரு சொல் கிடைக்காதபோது என்ன செய்கிறீர்கள் என்றும் பாருங்கள். மௌனமாகிவிடாமல் வேறு வழியில் சுற்றிச் சொல்லி முடித்திருந்தால் அது நல்ல தேர்ச்சி.

ஆனால் பதிவைக் கேட்டதும் பெரும்பாலோர் மனதில் படுவது வேறு: "என் ஆக்சென்ட் இப்படியா இருக்கு!" உச்சரிப்புச் சாயலையும் சரளத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் நான் பார்க்கும் பெரிய தடை. மர்ரே மன்ரோவும் டிரேசி டெர்விங்கும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பேசியவர்களின் பேச்சைத் தாய்மொழியாளர்களைக் கேட்க வைத்தார்கள். அயல் சாயல் மிக அதிகம் என்று மதிப்பிடப்பட்ட பேச்சையும் கேட்டவர்கள் பல இடங்களில் சொல் பிசகாமல் எழுதிக்கொடுத்தார்கள். சாயல் இருப்பது வேறு, புரியாமல் இருப்பது வேறு.

மொழித் தேர்ச்சியை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரிக்கும் அளவுகோலை ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பான கவுன்சில் ஆஃப் யூரோப் 2001இல் வெளியிட்டது. அதில், இரு தரப்புக்கும் சிரமமில்லாமல் சரளமாக உரையாடுவது நான்காவது படியான பி2விலேயே வந்துவிடுகிறது. ஆறாவது படியை எட்டினால்தான் சரளம் என்று யாரும் வரையறுக்கவில்லை. 2018இல் வந்த அதன் துணைநூல், தாய்மொழியாளரோடு ஒப்பிடும் வாசகங்களையே நீக்கிவிட்டது. நம்மில் பலர் மட்டும் அந்தப் பழைய ஒப்பீட்டை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சரளம் எல்லாத் துறைக்கும் ஒரேயடியாக வருவதில்லை. அன்றாடப் பேச்சுத் திறனும் கல்விசார் மொழித் திறனும் வேறு வேறு என்று மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே பிரித்துக் காட்டினார். புதிய மொழிச் சூழலுக்குள் வரும் குழந்தைகளுக்கு முதலாவது சுமார் 2 ஆண்டுகளில் கைகூடும், இரண்டாவதற்கு 5 முதல் 7 ஆண்டுகள் ஆகலாம் என்பது அவர் கணிப்பு. பெரியவர்களிடமும் இந்த மேடுபள்ளம் உண்டு. அலுவலகக் கூட்டத்தைத் திறம்பட நடத்துபவர், தன் வயிற்றுவலியின் தன்மையை மருத்துவரிடம் சொல்லத் திணறலாம். களைப்பு, இரைச்சல், தெளிவில்லாத தொலைபேசி இணைப்பு ஆகியவை இரண்டாம் மொழியில் கேட்பதைத் தாய்மொழியைவிட அதிகம் பாதிக்கும். ஒரு மோசமான நாளை வைத்து எல்லாம் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள்.

சரளம் வந்த பிறகு வரும் ஒரு ஆபத்தும் உண்டு. நாம் சொல்வது எல்லோருக்கும் புரிந்துவிடுவதால் சில பிழைகள் திருத்தப்படாமல் அப்படியே உறைந்துவிடும். மொழியியலாளர் லாரி செலிங்கர் 1972இல் இந்த உறைதலைச் சுட்டிக்காட்டினார். சரளத்துக்குப் பின் எழுத்தும் வாசிப்பும்தான் உதவும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். பிறர் துணையின்றி நாவலோ நாளிதழோ படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும் என்பது சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் தந்த கணக்கு. பேச்சில் அந்த அளவுக்குச் சொற்கள் நம் முன் வருவதே இல்லை, படித்தால்தான் சேரும்.

எனவே சோதனையில் நீங்கள் தேறியிருந்தால், அடுத்த தொடக்கநிலை வகுப்பில் சேராதீர்கள். "என் ஆங்கிலம் சுமார்தான், மன்னிக்கவும்" என்று பேச்சைத் தொடங்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். கேட்பவர் அதுவரை கவனிக்காத குறையைத் தேடத் தொடங்குவதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை. எந்தச் சூழலில் இன்னும் திணறுகிறீர்களோ, அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பயிற்சியாளரிடம் போங்கள். சம்பளப் பேச்சுவார்த்தையாக இருக்கலாம், மருத்துவரிடம் பேசுவதாக இருக்கலாம், நீண்ட அறிக்கை எழுதுவதாக இருக்கலாம். அதற்குச் சில வாரங்கள் போதும்.