டேட்டா கெப்ச்சர்: பிடிப்பா, ஏற்பா?

கொழும்பில் மருந்தாய்வு நடக்கும் நிலையங்களுக்குப் போய், தாதியருக்கும் ஆய்வு ஒருங்கிணைப்பாளருக்கும் ஈடிசி மென்பொருளைப் பழக்குவது என் தொழில். ஈடிசியின் விரிவு இலெக்ட்ரோனிக் டேட்டா கெப்ச்சர். ஆய்வில் சேர்ந்த நோயாளி வரும் ஒவ்வொரு தடவையும் எடுத்த இரத்த அழுத்தம், நிறை, குருதிச் சோதனை முடிவு, அவர் சொன்ன உபாதை எல்லாவற்றையும் கடதாசிப் படிவத்தில் எழுதாமல் திரையிலுள்ள படிவத்தில் இடுவதற்கான மென்பொருள் அது. அந்த மூன்று சொல்லையும் வகுப்பில் யாரும் முழுதாய் உச்சரிப்பதில்லை. "விசிட் மூன்று போட்டாச்சா?", "டேட்டா அடிச்சிட்டீங்களா மிஸ்?" என்பதே புழக்கம்.

சிக்கல் எழுத்தில்தான் வந்தது. பயிற்சிக் கையேட்டைத் தமிழிலும் ஆக்கவேண்டி வந்தபோது, மொழிபெயர்ப்பில் இருந்து திரும்பிவந்த அட்டையில் 'இலத்திரனியல் தரவுக் கைப்பற்றல்' என்று இருந்தது. அதைப் பார்த்த தாதி ஒருவர், "இது பொலிஸ் செய்யிற வேலை மாதிரிக் கிடக்கு மிஸ்" என்றார். அவர் சொன்னது சரி. நம் பத்திரிகைகளில் கைப்பற்றப்படுவது கஞ்சாவும் கள்ளச் சாராயமும். நோயாளியின் வாய்ச்சொல்லுக்கும் அதே வினையா? அன்றிலிருந்து இந்தச் சொல்லை விடாமல் தேடிக்கொண்டிருக்கிறேன்.

முதற்சொல்லில் அதிக வேலை இல்லை. தமிழ்நாட்டில் 'மின்னணு' என்பதை நாங்கள் 'இலத்திரனியல்' என்கிறோம். எலெக்ட்ரோனைத் தமிழ் ஒலிக்கு ஏற்றபடி 'இலத்திரன்' ஆக்கி அதிலிருந்து பிறப்பித்த சொல். கிரேக்கத்தில் எலெக்த்ரோன் என்றால் அம்பர். தேய்த்தால் தூசியை இழுக்கும் அந்தப் பிசின் கல்லின் பெயர்தான் மின்சாரத்துக்கும் போனது. பாடசாலைப் புத்தகம் முதல் அரசாங்கச் சுற்றறிக்கை வரை இங்கு இலத்திரனியல்தான். அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

'தரவு' என்ற சொல்லில்தான் எனக்கு நேரம் போனது. போனது நல்லதுக்கே.

லத்தீனில் 'தாரே' என்றால் தருதல். அதிலிருந்து 'தாத்தும்', தரப்பட்டது. அதன் பன்மை 'தாத்தா'. ஆங்கிலம் 17ஆம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்ட டேட்டா இதுதான். கணிதத்தில் அதன் பொருள் 'எடுத்துக்கொள்ளும்படி முன்னே தரப்பட்டவை'. தமிழ் மொழிமூலம் கணிதம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. கேத்திரகணித நிறுவலில் முதல் வரியில் 'தரவு' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் 'நிறுவ வேண்டியது' என்று எழுதுவோமே, அதே தரவு. கணினிப் பாடம் வருவதற்கு முன்பே அந்தச் சொல்லோடு நமக்குப் பழக்கம் உண்டு.

என்னோடு வகுப்பு எடுக்கும் சிங்கள நண்பியிடம் அவர்களுடைய சொல்லைக் கேட்டேன். 'தத்த' என்றார். சமஸ்கிருதத்தில் 'தத்த' என்றாலும் தரப்பட்டது. அங்குள்ள 'தா' என்ற வேரும் லத்தீனின் தாரேயும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. தமிழும் அதே தத்தவைக் கடன் வாங்கித் தத்துப்பிள்ளை என்கிறது, தரப்பட்ட பிள்ளை. நம்முடைய 'தா' வேறு குடும்பம், திராவிட வேர். ஆனாலும் டேட்டா, தத்த, தரவு என்று கொழும்பின் ஒரே வகுப்பறையில் புழங்கும் மூன்று மொழிச் சொற்களும் ஒரே செய்தியைத்தான் வைத்திருக்கின்றன: இது ஒருவர் தந்தது.

தமிழ் அதற்கு மேலும் ஒன்று வைத்திருக்கிறது. தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தில் 'செலவினும் வரவினும் தரவினும் கொடையினும்' என்று ஒரு நூற்பா தொடங்குகிறது. செல், வா, தா, கொடு ஆகிய நான்கையும் பேசிவிட்டு, வருசொல்லும் தருசொல்லும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை என்றும் மற்ற இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்றும் அடுத்து வரும் நூற்பாக்கள் பிரிக்கின்றன. எனக்குத் தந்தார், உங்களுக்குத் தந்தார், அவருக்குக் கொடுத்தார். ஈழத்துப் பேச்சில் இந்த வேறுபாடு இன்றும் உயிரோடு இருக்கிறது. "எனக்குத் தாங்கோ", "அவருக்குக் குடுங்கோ" என்போம். மாற்றிச் சொன்னால் காது உடனே கண்டுபிடித்துவிடும். அப்படிப் பார்த்தால் தரவு என்பது யாரோ எங்கோ கொடுத்து வைத்த பொருளல்ல. என் கையில் தரப்பட்டது. அதை வாங்கியவர் என்று சொல்லிக்கொள்ள ஒரு 'நான்' வேண்டும்.

எச்சவியலில் இன்னொன்று உண்டு. ஈ என்பது இழிந்தோன் கேட்கும் சொல், தா என்பது ஒப்போன் கேட்பது, கொடு என்பது உயர்ந்தோன் கேட்பது என்று அங்கே வகுக்கப்பட்டிருக்கிறது. டேட்டாவுக்கு ஈவு என்றோ கொடை என்றோ பெயர் வைக்காமல் தரவு என்று வைத்தவர்கள் இதையெல்லாம் நினைத்துத்தான் வைத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சொல்லுக்குள் அது இருக்கிறது. ஆய்வில் சேரும் நோயாளி, தன் மொழியில் விளக்கம் வாசித்து, விரும்பினால் விலகலாம் என்று அறிந்து கையெழுத்து வைக்கிறார். அவர் நமக்குக் கீழே நிற்பவரல்ல. ஒப்பானவர், தருகிறார்.

இனி 'கெப்ச்சர்'. லத்தீனில் 'காப்பெரே' என்றால் பற்றுதல், பிடித்தல். கைதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே வழியில் வந்தது. கணினி உலகம் அதை எடுத்துக்கொண்டது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004இல் உருவான 'ரெட்கேப்' என்ற மென்பொருளின் பெயரில் வரும் 'கேப்'கூட இந்தக் கெப்ச்சரின் துண்டுதான். ஆங்கிலத்தில் அந்தச் சொல் தேய்ந்து மழுங்கிப் போனதால் யாருக்கும் உறுத்துவதில்லை. தமிழில் 'தரவுப் பிடிப்பு' என்றும் 'தரவுக் கைப்பற்றல்' என்றும் எழுதும்போது பழைய முள் திரும்பவும் முளைக்கிறது. ஒருவர் தந்ததை இன்னொருவர் எப்படிக் கைப்பற்றுவது? தரவு என்ற சொல்லே அந்த வினையோடு ஒட்ட மறுக்கிறது.

இது வெறும் சொல் வழக்கல்ல என்று எனக்கு உணர்த்திய ஒரு சம்பவம் உண்டு. நான் பழக்கிய ஒரு நிலையத்தில், நான்காவது வருகையன்று இரத்த அழுத்தக் கருவி பழுதாகிக் கிடந்தது. நோயாளியின் பெட் ஹெட் டிக்கட்டில், அதாவது அவருடைய வைத்தியசாலைப் பதிவு ஏட்டில், அந்த இடம் வெறுமை. திரையிலோ அன்றைய பெட்டியில் இலக்கங்கள் இருந்தன: மூன்றாவது வருகையின் அதே இலக்கங்கள். ஆய்வைக் கண்காணிக்கும் அலுவலரான மொனிட்டர் வந்து மூலப் பதிவோடு ஒப்பிட்டபோது வெளிப்பட்டது. அதைப் போட்ட பிள்ளை ஏமாற்ற நினைக்கவே இல்லை. "ஒரு பெட்டியையும் வெறுமையாக விடக்கூடாது என்று படிச்சனாங்கள்" என்றது. படிப்பித்தது நான். எல்லாவற்றையும் பிடித்துத் திரையில் அடைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு நான் படிப்பித்திருக்கிறேன். தரப்படாததை 'தரப்படவில்லை' என்று குறித்து, காரணத்தையும் எழுதுவதே சரியான பதிவு என்பதை அன்று அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தேவையான வினை ஏற்றல் என்று பட்டது. தரவு, ஏற்பு. சேர்த்துச் சொன்னால் தரவேற்பு.

உடனே இரண்டு மறுப்புகள் வந்தன. ஒன்று, 'ஏற்பது இகழ்ச்சி' என்று ஆத்திசூடியில் படித்த நமக்கு ஏற்றல் என்றால் இரத்தல் என்ற நிழல் விழாதா? விழும்தான். ஆனால் பொறுப்பேற்பு, பதவியேற்பு என்றெல்லாம் பேசும்போது அந்த நிழல் வருவதில்லை. இரண்டாவது மறுப்பு வலியது. இலங்கையில் அப்லோட் செய்வதைத் தரவேற்றம் என்றும் டவுன்லோட் செய்வதைத் தரவிறக்கம் என்றும் எழுதுகிறோம். தரவேற்றம், தரவேற்பு இரண்டும் குழம்பாதா? ஏற்றம் ஏறு என்பதன் வழி வந்தது, ஏற்பு ஏல் என்பதன் வழி வந்தது என்று இலக்கணம் சொல்லித் தப்பிக்க முடியாது. திரையைப் பார்த்து அவசரமாக வேலை செய்பவருக்கு அது உதவாது.

விடை வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் கிடைத்தது. வரவேற்பு. வரவு என்பதோடு ஏற்பு சேர்ந்த சொல். வந்தவரை ஏற்பது வரவேற்பு என்றால் தந்ததை ஏற்பது தரவேற்பு. தொல்காப்பியம் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திய அதே வரவும் தரவும். வகுப்பில் முதலில் வரவேற்பு என்று எழுதி, 'வ'வை அழித்துவிட்டுத் 'த' போட்டுக் காட்டினால், அதன்பிறகு ஒருவரும் அதைத் தரவேற்றத்தோடு குழப்புவதில்லை. வாசலில் நின்று வரவேற்பவர் வந்தவரின் தோற்றத்தைத் திருத்துவதில்லை என்று ஒரு தாதி தானாகவே சொன்னார். நான் அதற்குமேல் விளக்கம் சொல்லவில்லை.

மென்பொருளின் பொத்தானில் 'தரவுப் பதிவு' என்று இருந்தால் போதும், அது எல்லோருக்கும் விளங்கும். தரவு சேகரிப்பு என்பது வீடு வீடாய்ப் போய்த் திரட்டுவதற்கு நிற்கட்டும். நோயாளி சொன்னதிலிருந்து திரையில் ஏறும்வரை உள்ள முழுச் செயலுக்கும் தரவேற்பு என்பதே என் தெரிவு.

ஏற்பதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. "கிறுதியாய்க் கிடக்கு" என்கிறார் நோயாளி. மருந்தின் பக்க விளைவுகளை உலகெங்கும் மெட்ரா என்ற சொற்றொகுதிக்குள் வகைப்படுத்துகிறார்கள். அதில் டிஸினஸ் நரம்பு மண்டலக் கோளாறுகளின் கீழும் வேர்ட்டிகோ காதுக் கோளாறுகளின் கீழும் வருகின்றன. கிறுதி இரண்டில் எது? தலை இலேசாகி மயக்கம் வருவது போலவா, சுவர் சுற்றுகிறதா என்று கேட்காமல் தட்டினால், அவர் தராத ஒன்றை நாம் எழுதியவர்கள் ஆகிறோம். தமிழ் தெரிந்த தாதி அந்த இடத்தில் எந்த மென்பொருளையும் விடப் பெரியவர்.

பயிற்சி என்ற சொல்லையும் விட்டுவிடக்கூடாது. பயில் என்பதற்குக் கற்றல் என்பதோடு அடிக்கடி நிகழ்தல், நெருங்கிப் பழகுதல் என்ற பொருளும் பழந்தமிழில் உண்டு. ஒரு மணி நேர இணையப் பாடத்தை ஓடவிட்டு, இறுதியில் சான்றிதழைத் தரவிறக்கிக் கோப்பில் போட்டால் அது பயிற்சி ஆகாது. ஆய்வில் ஈடுபடும் ஒவ்வொருவரும் கல்வி, பயிற்சி, அனுபவம் ஆகியவற்றால் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்று சர்வதேச நற்சிகிச்சை ஆய்வு நெறிமுறை சொல்கிறது. 1997 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதிகளின் பகுதி 11 இலத்திரனியல் பதிவுகளைப் பயன்படுத்துவோருக்கும் அதையே கேட்கிறது; யார், எப்போது, எதை மாற்றினார் என்ற திருத்தத் தடத்தையும் கணினியே தானாகக் காக்க வேண்டும் என்கிறது. ஆகவேதான் பயிற்சி முடித்தவருக்கு மட்டும் கடவுச்சொல் தருகிறோம். அந்தக் கடவுச்சொல்லைப் பக்கத்து மேசை அக்காவுக்குக் கொடுத்தால், தொல்காப்பியர் சொன்ன அந்தத் தன்மை இடம் பொய்யாகிவிடுகிறது: யாருக்குத் தரப்பட்டது என்பதே தெரியாமல் போகிறது.

2025 ஜனவரியில் இறுதி செய்யப்பட்ட, அதே நற்சிகிச்சை ஆய்வு நெறிமுறையின் மூன்றாம் திருத்தம், கடதாசிக்கும் கணினிக்கும் பொதுவாக 'டேட்டா அக்விசிஷன் டூல்', அதாவது தரவைப் பெறும் கருவி, என்ற பெயரைப் பயன்படுத்துகிறது. தரவு யாரிடமிருந்து அல்லது எதிலிருந்து பிறக்கிறதோ அதற்கும், நோயாளியோ, ஊழியரோ, உடலில் அணியும் கருவியோ, தனிப்பெயர் வைத்திருக்கிறது. ஆங்கிலமே கெப்ச்சரை விட்டு நகர்கிறது. நாம் ஏன் கைப்பற்றலை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும்?

ஈடிசியில் எல்லோரும் அஞ்சும் சொல் 'குவெரி'. இட்ட பதிவில் ஐயம் இருந்தால் திரையில் எழும் கேள்வி அது. லத்தீனில் 'குவேரே' என்றால் 'கேள்' என்ற ஏவல். புதியவர்கள் அதைக் குற்றச்சாட்டு என்று எடுத்துக்கொண்டு, கேள்வி மறைய வேண்டும் என்பதற்காக இலக்கத்தை மாற்றிவிடுகிறார்கள். நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. விடை தெரிந்த ஆசிரியர் மாணவரைச் சோதிக்கக் கேட்பது அறிவினா. இதுவா அதுவா என்று உறுதிப்படுத்தக் கேட்பது ஐயவினா. நம் பிள்ளைகள் குவெரியை அறிவினா என்று நினைத்து நடுங்குகிறார்கள். அது ஐயவினா. கையேட்டில் இப்போது அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

போன மாதம் ஓர் அம்மா தன் இருமல் தொடங்கிய நாளைச் 'சித்திரை வருசத்துக்கு முதல் கிழமை' என்றார். இங்கு கிழமை என்றால் வாரம். தாதி டிக்கட்டில் அதை அந்த அம்மாவின் சொல்லிலேயே எழுதினார். திரையில் மாதமும் ஆண்டும் இடப்பட்டன, மாதம் ஏப்ரல்; நாளுக்கு மட்டும் தெரியாது என்ற குறி. மூன்றாம் நாள் வெளிநாட்டிலிருந்து ஐயவினா வந்தது: நாள் என்ன? தாதி ஏதோ ஒரு தேதியைப் போடவில்லை. அந்த அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார். "பலகாரத்துக்கு மா இடிக்கேக்கதான் பிள்ளை இருமல் துவங்கினது, தேதி ஞாபகமில்லை" என்றார் அம்மா. அழைப்பையும் அந்த வார்த்தைகளையும் டிக்கட்டில் நேரத்தோடு குறித்துவிட்டு, 'நோயாளியிடம் மீண்டும் கேட்கப்பட்டது, நாள் நினைவில்லை' என்று தாதி பதில் எழுதினார். வினா அன்று பின்னேரமே மூடப்பட்டது. நாளுக்குரிய பெட்டி இன்றும் தெரியாது என்றே இருக்கிறது.