கத்தரிக்கோலோடு ஒரு வரைபட வகுப்பு

தகவல் வடிவமைப்பு வகுப்பின் முதல் நாளில் மடிக்கணினியை யாரும் வெளியே எடுக்கக் கூடாது. மேசைக்கு ஓர் அளவுகோல், ஒரு கத்தரிக்கோல், கொஞ்சம் வண்ணக் காகிதம், அவ்வளவுதான். ஒரு பள்ளியின் தேர்ச்சி சென்ற ஆண்டு 92 சதவீதம், இந்த ஆண்டு 95 என்று வைத்துக்கொள்ளுங்கள். சதவீதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் இரண்டு பட்டைகள் வெட்டுங்கள் என்பேன். அருகருகே ஒட்டிப் பார்த்தால் உயர வித்தியாசம் ஒரு நெல்மணியின் அகலம் இருக்கும்.

அடுத்து, இரண்டு பட்டைகளிலும் அடியிலிருந்து 90 மில்லிமீட்டரை வெட்டிவிடச் சொல்வேன். மிஞ்சுவது 2 மில்லிமீட்டர் துண்டு ஒன்று, 5 மில்லிமீட்டர் துண்டு ஒன்று. எண்கள் மாறவில்லை. ஆனால் இப்போது ஒன்று மற்றதைப் போல் இரண்டரை மடங்கு! பட்டை விளக்கப்படத்தின் செங்குத்து அச்சை 90இல் தொடங்கும் விளம்பரம் செய்வது இதே வெட்டைத்தான். எண்கள் நெருக்கமாக இருந்தால் எக்செல்கூட நம்மைக் கேட்காமலே இப்படி அச்சை உயர்த்திவிடுவதுண்டு. கரும்பலகையில் பல ஆண்டுகள் இதை விளக்கியிருக்கிறேன். தலையாட்டிவிட்டு மறுவாரமே அதே பிழையோடு வருவார்கள். கையால் வெட்டிய பிள்ளைகள் அப்படி வருவதில்லை.

ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: "அப்படியென்றால் காய்ச்சல் வரைபடத்தையும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டுமா, மேடம்?" அன்றைக்கு எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மகிழ்ச்சி அந்தக் கேள்வி. வரைந்து பார்க்கச் சொன்னேன். 98இலிருந்து 103 டிகிரிக்கு ஏறிய காய்ச்சல், பூஜ்யத்திலிருந்து வரைந்தபோது ஏறக்குறைய தட்டையான கோடாகிவிட்டது. நோயாளியின் ஆபத்தே தெரியவில்லை. பட்டையில் நம் கண் நீளத்தைப் பார்க்கிறது. அடியை வெட்டினால் அது பொய்யாகிவிடும். கோட்டில் கண் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை. அங்கே அச்சின் எல்லையை நாம் தேர்ந்துகொள்ளலாம், அதைத் தெளிவாகக் குறித்திருக்கும் வரை.

வண்ணத் தேர்வு, எழுத்துரு எல்லாம் பிறகு வரும். அதற்கு முன் புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973இல் உருவாக்கிய நான்கு தரவுத் தொகுதிகளை நான்கு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுப்பேன். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். முதலில் கணக்கு. எல்லாக் குழுவுக்கும் கிடைமட்டச் சராசரி 9, செங்குத்துச் சராசரி 7.5, ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகளும் ஒரு நேர்கோட்டை ஒட்டி எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் எண்) ஏறத்தாழ 0.816 என்றே விடை வரும். பக்கத்துக் குழுவைப் பார்த்து எழுதினீர்களா என்று ஒருவரையொருவர் சந்தேகிப்பார்கள். பிறகு வரைபடத்தாளில் புள்ளி வைத்துச் சுவரில் ஒட்டுவோம். ஒன்று நேர்கோட்டை ஒட்டிச் சிதறியிருக்கும். இன்னொன்று வில்லாக வளைந்திருக்கும். மூன்றாவது, ஒரு புள்ளி மட்டும் விலகிய நேர்கோடு. நான்காவதில் பத்துப் புள்ளிகள் 8க்கு நேர்மேலே ஒரே நெட்டு வரிசையில் நிற்க, ஒன்று மட்டும் தொலைவில் 19இல் இருக்கும்.

அந்த ஒற்றைப் புள்ளியை விரலால் மறைத்துக்கொண்டு, மீதிப் பத்துக்கும் கெழுவைக் கணக்கிடச் சொல்வேன். பத்துக்கும் கிடைமட்ட அளவு ஒரே 8 என்பதால் பூஜ்யத்தால் வகுக்க வேண்டிவரும். கால்குலேட்டர் பிழை காட்டும். விரலை எடுத்தால் மறுபடியும் 0.816.