பூனை போனது, புகை போகவில்லை

போன மழைக்காலத்தில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை அவள் பாட்டி கூட்டி வந்தார். வாரத்தில் மூன்று நாலு இரவு இளைப்பு வந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். "பூனையைக்கூட மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டாச்சு டாக்டர், வீசிங் நிக்கவே இல்ல" என்றார் பாட்டி. அதற்கு முன் இரண்டு முறை நான் இன்ஹேலர் மருந்தின் அளவைக் கூட்டி எழுதியிருந்தேன். வீட்டில் என்ன புகைகிறது என்று கேட்காமல் விட்டது என் தவறு.

அடுத்த முறை அப்பாவையும் வரச் சொன்னேன். மகள் அவர் தோளில் முகம் புதைத்துச் சாய்ந்திருந்தாள். அவள் மூக்குக்கு நேராக, அவர் சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட். "வீட்டுக்குள்ள பிடிக்கிறதே இல்ல சார், பால்கனியிலதான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பால்கனிக் கதவு வழியே புகை உள்ளே வரத்தான் செய்யும். அப்புறம் சட்டை, தலைமுடி, திரைச்சீலை, சோபா உறை என்று எல்லாவற்றிலும் நிக்கோடின் படிந்து நாள்கணக்கில் கிடக்கும். ஜன்னலைத் திறப்பதும் ஃபேன் போடுவதும் போதாது. பிறர் விடும் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்றே இல்லை என அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை 2006-லேயே சொல்லிவிட்டது. மூச்சுக்குழாயின் வீக்கத்தைத் தினமும் அடிக்கும் தடுப்பு இன்ஹேலர் ஒரு பக்கம் அணைக்க, புகை மறுபக்கம் தினமும் மூட்டிக்கொண்டிருந்தது.

பல வீடுகளில் முதலில் வெளியே போவது வாயில்லா ஜீவன்தான். பூனை முடிதான் காரணம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதன் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் ஒரு புரதம்தான் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. பூனை தன்னை நக்கும்போது அது முடியில் ஒட்டி, காய்ந்து, நுண்தூசியாக மணிக்கணக்கில் மிதக்கும். பூனையை அனுப்பிய பிறகும் மாதக்கணக்கில் வீட்டில் தங்கும். ஆகவே பூனை போன மறுவாரம் இளைப்பு நிற்கவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனை உண்டு. அதற்குச் சில நாள் முன்பே செட்ரிசின் போன்ற மாத்திரைகளை டாக்டரிடம் கேட்டு நிறுத்த வேண்டும். இவளுக்குத் தடித்தது பூனைக்கு இல்லை, மெத்தைத் தூசியில் வாழும் நுண்பூச்சிக்கு. அதைக் கேட்டதும் பாட்டியின் முகம் வாடிவிட்டது.

ஒவ்வாமை உறுதியானால் விஷயம் வேறு. வளர்ப்புப் பிராணிக்கு இன்னொரு நல்ல வீடு பார்ப்பதுதான் சிறந்தது. தெருவில் விடாதீர்கள். மனசு வரவில்லை என்றால், படுக்கையறைக்குள் அது ஒரு நாளும் நுழையக் கூடாது. 'அலர்ஜி வராத இனம்' என்று சொல்லி விற்கும் நாய்க்குட்டியை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். அப்படி ஓர் இனம் கிடையாது.

பேச்சுவாக்கில் பாட்டி சொன்னார், ராத்திரி கட்டிலுக்கடியில் கொசுவத்திச் சுருள் ஏற்றுவாராம். ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று ஓர் ஆய்வு அளந்திருக்கிறது. கொசுவலை போதும் பாட்டி என்றேன்.

இன்ஹேலரை என் முன்னால் அடிக்கச் சொன்னேன். அழுத்தியதும் வாயோரமாக வெள்ளைப் புகையாய் மருந்து வெளியே போனது. இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் ஸ்பேசர் என்ற குழலை மாட்டி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கப் பழக்கினோம். அறிகுறி இல்லாத நாளிலும் தடுப்பு இன்ஹேலரை விடக் கூடாது, அடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். இளைப்பு வந்ததும் உடனே அடிக்கும் நீல இன்ஹேலருக்கும் அடங்காமல், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாதபடி இரைத்தாலோ உதடு நீலம் பாரித்தாலோ 108-ஐ அழையுங்கள்.

அப்பாவிடம் அவருடைய சிகரெட் பாக்கெட்டையே திருப்பிக் காட்டினேன். புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண் அதில் அச்சாகியிருந்தது. கூடவே நிக்கோடின் கம் எழுதிக் கொடுத்தேன். அதைச் சும்மா சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கக் கூடாது. நாக்கில் காரம் ஏறியதும் கன்னத்தோரம் ஒதுக்கிவிட வேண்டும். இடையில் இரண்டு முறை தவறிவிட்டார். மறைக்காமல் வந்து சொன்னார், மறுபடி தொடங்கினோம்.

பொங்கலுக்கு முன் மூவரும் வந்தார்கள். ஒரு மாதமாக நீல இன்ஹேலர் தேவைப்படவில்லை. சிறுமி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். விட்ட பூனை கிடைக்கவில்லையாம், பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறதாம், ஒன்று கொண்டுவரலாமா? கட்டிலுக்கு மட்டும் ஏற்றாதே என்றேன்.