இடைமறிப்பு அல்ல, வெட்டுத்துண்டு

"நேரியல் சமன்பாட்டைச் சாய்வு-இடைமறிப்பு வடிவத்துக்கு மாற்றுக." இணையத்தில் தமிழில் கணக்குத் தேடினால் இந்த மாதிரி வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. இங்கே இடைமறிப்பு என்று வருவது இன்டர்செப்ட் என்ற ஆங்கிலக் கணிதச் சொல். அதற்குத் தமிழ்நாட்டிலும் சரி, சாய்வைப் படித்திறன் என்கிற இலங்கையிலும் சரி, பாடநூல்களில் வெட்டுத்துண்டு என்ற அருமையான சொல் இருக்கும்போது இது எதற்கு?

இன்டர்செப்டின் வேர் லத்தீன். இன்டர் என்றால் இடையே, காபெரே என்றால் பிடிப்பது, எடுப்பது. ஏவுகணையை வழியில் மடக்குவதற்கும், வரைபடத்தில் ஒரு கோடு அச்சில் ஒரு பகுதியைத் துண்டிப்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் போதும், தமிழில் போதாது. இடைமறிக்க வேண்டுமானால் ஏதாவது ஒன்று போய்க்கொண்டிருக்க வேண்டும். அச்சு எங்கே போகிறது? கோடு வெட்டிய பிறகும் அது இரண்டு பக்கமும் நீண்டுகொண்டேதான் இருக்கிறது, யாரும் யாரையும் மறிக்கவில்லை.

வெட்டுத்துண்டு என்றால் அச்சுகள் சந்திக்கும் ஆதிப்புள்ளிக்கும் கோடு அச்சை வெட்டும் இடத்துக்கும் நடுவே கிடைக்கும் துண்டு. 2எக்ஸ் + 3ஒய் = 12 என்பதை 12 ஆல் வகுத்தால் எக்ஸ்/6 + ஒய்/4 = 1. இதுதான் வெட்டுத்துண்டு வடிவம். துண்டுகள் 6, 4 என்று கண்ணுக்கு நேராகத் தெரிகின்றன. ஒய்யைத் தனியாக்கினால் ஒய் = −(2/3)எக்ஸ் + 4, சாய்வு −2/3, அதே 4 இங்கேயும். 3எக்ஸ் − 2ஒய் = 0 ஏன் வெட்டுத்துண்டு வடிவத்துக்கு வராது என்பதையும் இந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது: கோடு ஆதிப்புள்ளி வழியாகவே போவதால் வெட்டியெடுக்கத் துண்டே இல்லை, வலப்பக்க எண்ணால் வகுக்கப் போனால் அங்கே பூச்சியம்தான் நிற்கும். இடைமறிப்பு என்று படித்த பிள்ளைக்கு இது எப்படிப் புரியும்?

துண்டு எப்படிக் குறை எண்ணாகும் என்று கேட்டு, வெட்டுப்புள்ளி என்று மாற்றச் சொல்பவர்களும் உண்டு. அதையும் நான் ஏற்கமாட்டேன். புள்ளி (0, 4), வெட்டுத்துண்டு 4, இரண்டும் ஒன்றல்ல. குறை அடையாளம் துண்டு எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது.

அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போவதுதான் இப்போது மொழிபெயர்ப்பு என்றாகிவிட்டது. சமன்பாட்டின் ஸ்டாண்டர்டு ஃபார்ம் 'நிலையான வடிவம்' ஆனதும் அப்படித்தான். புள்ளியியலில் ஸ்டாண்டர்டு டீவியேஷனைத் திட்ட விலக்கம் என்று எழுதுகிறோமே, இங்கே மட்டும் திட்ட வடிவம் என்று எழுத என்ன தடை?