காய்ந்தாலும் சாகாத பாசி: வளர்ப்பதில் உள்ள சூட்சுமம்

தாவர மாதிரிக் காப்பகம் ஒன்றில் 87 ஆண்டுகள் காய்ந்து கிடந்த பாசியை, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் லிப்மன் மீண்டும் வளர வைத்தார். அந்த முடிவு 1941-ல் வெளியானது. பாசியின் பெயர் நாஸ்டாக் கம்யூன். வேளாண்மைத் துறையினர் நீலப்பச்சைப் பாசி என்று அழைக்கும் கூட்டத்தில் ஒன்று. உண்மையில் அது ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா, சயனோபாக்டீரியா. மழை நாளில் வெட்டவெளித் தரையில் வழுவழுவென்று கரும்பச்சைக் கூழாகப் படர்ந்திருக்கும். நாலு நாள் வெயிலில் கருத்த பொருக்காகச் சுருங்கிவிடும். விரலால் நசுக்கினால் நொறுங்கும். அடுத்த மழையில் மறுபடி பச்சை.

இது எப்படி முடிகிறது? செல்லின் சவ்வும் புரதங்களும் தம்மைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளின் துணையால்தான் உருக்குலையாமல் இருக்கின்றன. அந்த நீர் போய்விட்டால் பெரும்பாலான உயிரினங்களின் செல் சிதைந்துவிடும். நாஸ்டாக்கோ காயத் தொடங்கும்போதே ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையைத் தனக்குள் சேர்க்கிறது. நீர் விலகிய இடங்களில் அந்தச் சர்க்கரை அமர்ந்து சவ்வையும் புரதத்தையும் தாங்கிப் பிடிக்கிறது. வெளியே, பாசி தானே சுரந்த பல்சர்க்கரைக் கூழ் ஈரத்தை மெதுவாகத்தான் விடும். அந்தக் கூழுக்குள் ஸைட்டோனெமின் என்ற பழுப்பு மஞ்சள் நிறமி இருக்கிறது. காய்ந்து செயலற்றுக் கிடக்கும் காலத்தில் புற ஊதாக் கதிரைத் தடுப்பது அதுதான்.

எனக்கு இதைவிட வியப்பாகத் தோன்றுவது விழித்தெழும் முறை. நனைந்ததும் முதலில் மூச்சு திரும்புகிறது, அதாவது சேமிப்பை எரித்து ஆற்றல் எடுப்பது. அடுத்து ஒளிச்சேர்க்கை. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் சத்தாக மாற்றும் வேலை கடைசியில்தான் தொடங்கும். ஒரே ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்கவே செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகள் குறைந்தது 16 செலவாகின்றன, கையில் இருப்பு இல்லாமல் அதில் இறங்க முடியாது. ஆகவே ஒவ்வொரு முறை எழுவதும் செலவுதான். தூறல் விழுந்து உடனே வெயில் அடித்தால், எரித்த சேமிப்பை ஈடுகட்டும் முன்பே பாசி மறுபடி உறங்கப் போய்விடும்.

உணவுக்கும் உரத்துக்கும் மண்ணைக் காக்கவும் இத்தகைய பாசிகளை வளர்ப்பவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். எப்போதும் தண்ணீர், நிறையச் சத்து, இதமான வெளிச்சம் என்று குடுவையில் வளர்த்தால் பாசி செழிக்கும். ஆனால் வறட்சி தாங்கும் ஏற்பாடுகள் தளர்ந்துவிடும். வடக்கு, வடமேற்குச் சீனாவின் வறண்ட புல்வெளிகளில் முடிக்கற்றையாக வளரும் நாஸ்டாக் ஃபிளாஜெல்லிஃபார்மே நல்ல எடுத்துக்காட்டு. சீனப் புத்தாண்டு விருந்துக்காக அதை வாரிச் சேகரித்ததில் புல்வெளியே பாழானது. 2000-ல் அரசு சேகரிப்பையும் விற்பனையையும் தடை செய்தது. சரி, வளர்த்துக்கொள்ளலாம் என்றால், தண்ணீருக்குள் அதன் செல்கள் பெருகுகின்றனவே தவிர முடிக்கற்றை வடிவம் எளிதில் வருவதில்லை. அதற்கு நனைவதும் காய்வதும் மாறி மாறி வேண்டும்.

இந்தியாவில் நெல்லுக்குப் பாசி உரம் தயாரிக்கும் முறை இந்தக் குணத்தை அழகாகப் பயன்படுத்திக்கொள்கிறது. நெல் வயலுக்கு நைட்ரஜன் சேர்ப்பதில் இந்தப் பாசிகளுக்குப் பங்குண்டு என்று ஆய்வாளர் பி.கே. டே 1939-லேயே காட்டினார். பாலித்தீன் விரித்த ஆழமில்லாத குழி, அதில் சில கிலோ வயல் மண், கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட், சில அங்குலத் தண்ணீர், மேலே விதைபோலத் தூவும் தாய்ப்பாசித் தூள். வெயில் நன்றாக அடித்தால் இரண்டு மூன்று வாரத்தில் தண்ணீர்மேல் கெட்டியாகப் படலம் கட்டும். அப்போது தண்ணீரை வற்ற விட வேண்டும். படலம் மண்ணோடு ஒட்டிக் காய்ந்து, வெடித்து, ஓரம் சுருண்டு செதில் செதிலாகக் கிளம்பி வரும். அதைப் பொறுக்கிப் பையில் கட்டி, ஈரம் படாமல் வைத்தால் நெடுநாள் கெடாது. நடவு முடிந்து, தண்ணீர் நிற்கும் வயலில் ஏக்கருக்கு 4 கிலோ தூவினால் போதும். குளிர்பதனம் வேண்டாம், குடுவை வேண்டாம். குழியில் யூரியா மட்டும் போடக் கூடாது. யூரியாவிலிருந்து நைட்ரஜன் சும்மா கிடைத்தால் நைட்ரஜனைப் பிடிப்பதற்கென்றே உள்ள தடித்த சுவருடைய செல்கள் உருவாகாது.

பாலைவன மண்ணைக் காக்கும் வேலை இன்னும் கடினம். சீனாவின் உள் மங்கோலியாவில் உள்ள குபுச்சி பாலைவனத்தில், தொட்டிகளில் பெருக்கிய மைக்ரோகோலியஸ் வஜினேட்டஸ் பாசியை மணல்மேல் தெளித்து வருகிறார்கள். அதன் இழைகள் கயிறாகத் திரண்டு மணலுக்குள் நெய்கின்றன. அது சுரக்கும் பிசின் மணல் துகள்களை ஒட்டுகிறது. மேலே ஓர் அடை உருவாகி, காற்று மணலை வாரிச் செல்வதைத் தடுக்கிறது. இதற்கு நைட்ரஜனைப் பிடிக்கும் திறன் இல்லை. நைட்ரஜனைப் பிடிக்கும் ஸைட்டோனிமா போன்ற பாசி இனத்தைக் கூடவே சேர்ப்பது அதனால்தான்.

அமெரிக்காவின் தென்மேற்கிலோ, அந்தந்த நிலத்துப் பாசியையே பிரித்தெடுத்து வளர்க்கும் நாற்றங்கால்களை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். நாற்றைப் பிடுங்குமுன் தண்ணீரைக் குறைத்து வெயிலுக்குப் பழக்குவோமே, அதுபோல வறண்ட நிலத்துக்கு அனுப்புமுன் பாசியைக் காயவிட்டு நனைத்து, வெளிச்சத்தைக் கூட்டிப் பழக்குகிறார்கள். கிலோக்கணக்கில் அறுவடை செய்வதை விட இந்தப் பழக்கல்தான் முக்கியம் என்பது என் கருத்து.

வறண்ட நிலத்தில் பாசியைத் தெளிக்கும் நாளும் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது. உச்சிக் கோடையில் வந்துபோகும் சிறு மழை உதவாது. மண் பல மணி நேரம் ஈரமாகவே இருந்து, வெயிலும் மிதமாக இருக்கும் பருவமாகப் பார்த்து, அதற்குச் சற்று முன்பே தூவிவிட வேண்டும்.