எல்லோரும் நம்மைவிட நன்றாக இருப்பதாகத் தெரிவது ஏன்?

ஒரு தாளில் ஐந்து புள்ளிகள் வையுங்கள். நடுவில் ஒன்று, சுற்றிலும் நான்கு. நடுப்புள்ளியிலிருந்து மற்ற நான்குக்கும் கோடு இழுங்கள். புள்ளி என்றால் ஆள், கோடு என்றால் நட்பு. நடுவில் இருப்பவருக்கு 4 நண்பர்கள், மற்ற நால்வருக்கும் தலா ஒருவர். சராசரி பார்த்தால் ஆளுக்கு 1.6.

இப்போது கேள்வியை மாற்றுவோம்: "உன் நண்பருக்கு எத்தனை நண்பர்கள்?" சுற்றியிருக்கும் நால்வரும் "நான்கு" என்பார்கள். நடுவில் இருப்பவர், நான்கு நண்பர்களுக்காக நான்கு முறை "ஒன்று" என்பார். இந்த எட்டு விடைகளின் சராசரி 2.5. ஆக, ஐந்து பேரில் நால்வருக்குத் தங்கள் நண்பரின் வட்டம் தங்களுடையதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அவர்கள் தவறாகப் பார்க்கவில்லை, உண்மையிலேயே பெரிதுதான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஸ்காட் ஃபெல்ட் 1991இல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான். 'நட்பு முரண்' என்று வைத்துக்கொள்ளலாம். நிறைய நண்பர்கள் உள்ளவர் நிறையப் பேருடைய பட்டியலில் இருப்பார். நண்பரே இல்லாதவர் யார் பட்டியலிலும் இருக்கமாட்டார். பேருந்துக் கணக்கும் இதே கதைதான். சராசரியாகப் பாதி இருக்கைகள் காலி என்று நிர்வாகம் சொல்லும்; எப்போது ஏறினாலும் நெரிசல் என்று பயணிகள் சொல்வார்கள். இரண்டுமே உண்மை. நிரம்பி வழிந்த வண்டிக்கு எழுபது சாட்சிகள், காலி வண்டிக்கு நான்கைந்து பேர்.

இருபதுகளில் இருப்பவர்களின் மன அழுத்தம் என்றாலே மூளையில் சுரக்கும் டோபமைன், கைபேசி அடிமைத்தனம் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. அது இருக்கட்டும். மூளைக்குப் போகும் முன்பே, வெறும் எண்கணிதத்திலேயே தராசு சாய்ந்திருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

எவ்வளவு சாய்வு? 2011இல் ஃபேஸ்புக்கில் இருந்த ஏறத்தாழ 72 கோடிப் பேரின் நட்பு வலையை ஆராய்ந்து பார்த்தார்கள். ஒருவருக்குச் சராசரியாக 190 நண்பர்கள். அந்த நண்பர்களுக்கோ சராசரியாக 635. நூற்றுக்கு 93 பேர், தங்கள் நண்பர்களின் சராசரியைவிடக் கீழேதான் இருந்தார்கள்.

நண்பர்களின் எண்ணிக்கைதானே, போனால் போகிறது என்று விடலாம். ஆனால் நட்பு வட்டத்தோடு சேர்ந்து வளரும் எதற்கும் இந்த முரண் பொருந்தும். ஆய்வுக்கட்டுரைகளைச் சேர்ந்து எழுதும் விஞ்ஞானிகளின் வலையை 2014இல் இரண்டு ஆய்வாளர்கள் அலசினார்கள். பெரும்பாலான விஞ்ஞானிகளுக்கு, உடன் எழுதுபவர்களின் சராசரி தங்களுடையதைவிட அதிகம்: கட்டுரைகளும் அதிகம், அவற்றைப் பிறர் மேற்கோள் காட்டியதும் அதிகம். பதவி, பயணம், புகழ் எல்லாம் ஆள்பழக்கத்தோடு கொஞ்சமாவது ஒட்டியே வருபவை. அவற்றிலும் இதே சாய்வை எதிர்பார்க்கலாம்.

இதன்மேல் இன்னொரு சல்லடை இருக்கிறது. தினமும் பத்து போஸ்ட் போடுபவர் நம் திரையில் பத்து முறை வருகிறார், மாதம் ஒன்று போடுபவர் எப்போதாவது. நான் பின்தொடர்பவர்களை ஒருநாள் உட்கார்ந்து எண்ணினேன். பாதிப் பேர் மாதக்கணக்கில் வாயே திறக்கவில்லை. அவர்களுக்கு வேலை போயிருக்கலாம், சும்மா தூங்கிக்கொண்டும் இருக்கலாம். என் திரையைப் பொறுத்தவரை அவர்கள் இல்லை. மிச்சம் வருவதிலும் அதிக லைக் வாங்கியதை மேலே தள்ளுவது அல்காரிதத்தின் வேலை. சராசரிச் செவ்வாய்க்கிழமையை யார் படம் பிடித்துப் போடுகிறார்கள்?

இளைஞர்களை இது ஏன் கூடுதலாகத் தாக்குகிறது? உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் சொன்னது இங்கே உதவுகிறது. அளந்து பார்க்க நேரடியான அளவுகோல் இல்லாதபோது, மனிதர்கள் தங்களைப் போன்ற மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தங்களை எடைபோடுகிறார்கள். உயரத்தை அளக்க நாடா உண்டு. '26 வயதுக்கு நான் சரியாக இருக்கிறேனா' என்பதை அளக்க எதுவும் கிடையாது. வேலை, துணை, வருமானம் என எல்லாமே பாதியில் நிற்கும் வயது அது. அந்த நேரத்தில் கையில் இருக்கும் ஒரே அளவுகோல், ஏற்கெனவே இரண்டு முறை சாய்க்கப்பட்ட திரை.

2009இல் ஃபேஸ்புக் லைக் பொத்தானைக் கொண்டுவந்தபோது இந்த ஒப்பீட்டுக்கு ஓர் எண்ணும் கிடைத்தது. லைக் எண்ணிக்கையை மறைத்துக்கொள்ளும் வசதியை 2021இல் இன்ஸ்டாகிராம் தந்தது. நல்லதுதான். ஆனால் எண் மறைந்தாலும், யார் படம் திரைக்கு வருகிறது என்ற சாய்வு அப்படியே இருக்கும்.

இதே முரண் நோய் கண்காணிப்பில் கைகொடுத்திருக்கிறது. 2009இல் ஃபுளூ காய்ச்சல் பரவியபோது ஹார்வர்ட் மாணவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அவர்கள் பெயர் சொன்ன நண்பர்களையும் கண்காணித்தார்கள். குலுக்கலில் வந்தவர்களைவிட, நண்பர்கள் குழுவில் காய்ச்சல் ஏறத்தாழ 2 வாரம் முன்பே தலைகாட்டியது. ஆள்பழக்கம் அதிகம் என்றால் கிருமிப் பழக்கமும் அதிகம். 'என் நண்பன் கொடுத்துவைத்தவன்' என்பதில் இந்தக் கணக்கு சேருவதில்லை.

கடைசியாக அந்த நடுப்புள்ளி. நம் தாளில் அவரைவிட உயர்ந்தவர் யாரும் இல்லை, நிம்மதியாக இருக்கலாம். ஆனால் நிஜ வலையில் தாள் அங்கே முடிவதில்லை. அவரிடமிருந்தும் கோடுகள் வெளியே போகின்றன, அவற்றில் சில அவரைவிடப் பெரும்புள்ளிகளை நோக்கி. இரவில் கைபேசியைத் திறந்தால் அவர் பார்ப்பதும் அவர்களைத்தான்.